லூபஸ்: உடம்பு தேறிய பிறகும் நிறுத்தக் கூடாத மாத்திரை

லூபஸ் நோயாளிக்கு ஆபத்தான காலம் எது என்று கேட்டால், காய்ச்சலும் மூட்டுவலியுமாகப் படுத்திருக்கும் நாட்களைத்தான் பலரும் சொல்வார்கள். அந்த நாட்களில் பக்கத்தில் ஆள் இருக்கும், வேளாவேளைக்கு மருந்து உள்ளே போகும். அதிகம் கவனிக்க வேண்டிய காலம் அதற்குப் பிறகுதான் வருகிறது. காய்ச்சல் விட்டு, முகத்தின் சிவப்பு மறைந்து, கொட்டிய முடி மறுபடி வளர்ந்து, ‘இப்போதான் நல்லா இருக்காளே, இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?’ என்று வீட்டில் யாராவது கேட்கும் நாள் அது. கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்தால் அந்தக் கேள்வி இன்னும் அழுத்தமாக வரும். மாத்திரை மெல்ல நின்றுபோகும். சில மாதங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு கால் வீக்கம், சிறுநீரில் நுரை என்று மருத்துவமனைக்குப் போகும்போது சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கும்.

லூபஸை வேரோடு பிடுங்கி எறியும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் அதை அடக்கிவைத்துக்கொண்டு படிக்கலாம், வேலைக்குப் போகலாம், குழந்தை பெற்றுக்கொள்ளலாம், பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் வயது வரை வாழலாம். நன்றாக இருக்கும் நாட்களிலும் சிகிச்சையைத் தொடர்ந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

உடம்பே உடம்பைத் தாக்கினால்...

வெளியிலிருந்து வரும் கிருமியை அடையாளம் கண்டு அழிப்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. லூபஸில் அந்த மண்டலம் சொந்த உடலின் செல்களையே எதிரியாக நினைத்துவிடுகிறது. செல்லின் கருவில் இருக்கும் பொருட்களுக்கு எதிராகவே ஆன்டிபாடிகள் உருவாகின்றன. இவை ரத்தத்தில் சுற்றி, தோல், மூட்டு, சிறுநீரகம், நுரையீரலைச் சுற்றியுள்ள உறை, மூளை, ரத்த அணுக்கள் என எங்கு வேண்டுமானாலும் அழற்சியை உண்டாக்கும். அதனால்தான் ஒரு லூபஸ் நோயாளியைப் போல இன்னொருவர் இருப்பதில்லை. ஒருவருக்கு மூட்டுவலியோடு நின்றுவிடும். இன்னொருவருக்கு முதல் அறிகுறியே வலிப்பாக இருக்கும்.

லத்தீன் மொழியில் ‘லூபஸ்’ என்றால் ஓநாய். முகத்தில் வரும் புண்கள் ஓநாய் கடித்தது போல இருந்ததாக அந்தக் கால மருத்துவர்களுக்குத் தோன்றியதால் இந்தப் பெயர். மூக்கின் மேல் ஏறி இரு கன்னங்களிலும் பரவும் சிவப்புத் தடிப்பு பட்டாம்பூச்சி சிறகு விரித்தது போலத் தெரியும் என்பதால், பட்டாம்பூச்சிதான் இன்று இந்த நோயின் சின்னம். எல்லோருக்கும் அந்தத் தடிப்பு வருவதில்லை. மாநிறமும் கறுப்புமான முகங்களில் அது சிவப்பாக இல்லாமல் கருமையாகத் தெரிவதால், ‘மங்கு’ என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பாதிக்கப்படுபவர்களில் 10-க்கு 9 பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள், படிப்பு, வேலை, திருமணம், குழந்தை என்று வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் வரிசை கட்டி நிற்கும் வயதில் வருகிறது. ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருவது குறைவு. குழந்தைகளுக்கு வந்தால் தீவிரம் அதிகமாக இருக்கும்.

நடிகை சமந்தா 2022-ல் தனக்கு மயோசிடிஸ் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்ன பிறகு, ‘ஆட்டோ இம்யூன்’ என்ற வார்த்தை தமிழ்நாட்டு வீடுகளில் பழகிவிட்டது. மயோசிடிஸில் தாக்கப்படுவது தசை, முடக்குவாதத்தில் மூட்டு. லூபஸும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அது எந்த உறுப்பையும் தொடலாம்.

கண்டுபிடிக்க ஏன் தாமதம்?

காரணம் தெரியாத காய்ச்சல், காலையில் விரல்களை மடக்க முடியாத இறுக்கம், அசதி, வெயிலில் போனால் தோலில் தடிப்பு, வலியில்லாத வாய்ப்புண், முடி கொட்டுதல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் வலி. இவை தனித்தனியாக வரும்போது ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் கிடைத்துவிடும். மூட்டுவலிக்கு ஒரு மருத்துவர், தோலுக்கு ஒரு மருத்துவர், முடிக்கு ஓர் எண்ணெய் என்று மாதங்கள் ஓடிவிடும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு தட்டணுக்கள் குறைந்தால் முதலில் டெங்குவைத்தான் சந்தேகிப்பார்கள், அது சரியும்கூட. காய்ச்சல் போன பிறகும் வாரக்கணக்கில் தட்டணுக்கள் ஏறவில்லை என்றால் லூபஸையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் ரத்தப் பரிசோதனை ஏ.என்.ஏ. லூபஸ் உள்ள கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது பாசிட்டிவாக இருக்கும். ஆனால் இதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது. நோயே இல்லாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் குறைந்த அளவில் இது பாசிட்டிவாக வரும். லேப் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு இன்டர்நெட்டில் தேடித் தூக்கத்தைத் தொலைக்கத் தேவையில்லை. அறிகுறிகளோடு டி.எஸ்.டி.என்.ஏ. ஆன்டிபாடி, சி3, சி4 அளவுகள், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார்.

தடிப்பு வந்துபோகும் நோய் இது. மருத்துவரைப் பார்க்கும் நாளில் முகம் சுத்தமாக இருக்கலாம். தடிப்பு வந்த அன்றே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு காட்டினால், பல மாத அலைச்சல் மிச்சமாகும்.

அன்று பாதிப் பேர், இன்று?

1955-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் தங்கள் லூபஸ் நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். நோய் கண்டறியப்பட்ட நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். இன்று வளர்ந்த நாடுகளில் 10-க்கு 9 பேருக்கு மேல் பத்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். இந்தியா போன்ற நாடுகளில் இது சற்றுக் குறைவு. தாமதமாகக் கண்டுபிடிப்பது, சிறுநீரகப் பாதிப்பு, தொற்று ஆகிய மூன்றும் அதற்கு முக்கியக் காரணங்கள். மூன்றையும் பெருமளவு தடுக்க முடியும்.

இரண்டு பெண்களின் கதை இந்த மாற்றத்தைப் புரியவைக்கும். ஃபிளானரி ஓ’கானர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து எழுத்தாளர். அவருக்கு 15 வயதாக இருக்கும்போது, 1941-ல் தந்தை லூபஸால் இறந்தார். 25 வயதில் அதே நோய் மகளையும் தாக்கியது. அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஹார்மோன் ஊசிகள் அவரைக் காப்பாற்றின. ஆனால் இடுப்பு எலும்பு கெட்டு ஊன்றுகோலோடு நடக்க வேண்டியிருந்தது. தாயின் பண்ணை வீட்டில் மயில்கள் வளர்த்துக்கொண்டு, உடம்பு ஒத்துழைத்த காலை வேளைகளில் எழுதினார். இரண்டு நாவல்களும் முப்பதுக்கும் மேற்பட்ட சிறுகதைகளும் எழுதிவிட்டு 1964 ஆகஸ்டில், 39 வயதில் இறந்தார்.

பாடகி செலினா கோமஸ் தனக்கு லூபஸ் இருப்பதை 2015-ல் சொன்னார். 2017-ல் தோழி கொடுத்த சிறுநீரகத்தை அவருக்குப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகும் அவர் பாடுகிறார், நடிக்கிறார். அதே நோய்தான், அதே சிறுநீரகப் பாதிப்புதான். இடையில் மாறியது மருத்துவம்.

மலேரியா மாத்திரைக்கு இங்கே என்ன வேலை?

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் சண்டையிட்ட வீரர்களுக்கு மலேரியா வராமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ஏற்கெனவே இருந்த தோல் தடிப்பும் மூட்டுவலியும் குறைந்தன. 1951-ல் பேஜ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், மலேரியா மருந்தால் லூபஸ் நோயாளிகள் தேறியதை லான்செட் இதழில் எழுதினார். அந்தக் குடும்பத்தில் பாதுகாப்பான மருந்தாகத் தேர்ந்து வந்ததுதான் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். 1955-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்தப் பழைய மாத்திரைதான் இன்றும் லூபஸ் சிகிச்சையின் அடித்தளம். தவிர்க்க வேண்டிய காரணம் இருந்தால் ஒழிய, லூபஸ் உள்ள எல்லோரும் இதை எடுக்க வேண்டும் என்கின்றன உலக மருத்துவ வழிகாட்டுதல்கள்.

இது வலி மாத்திரை போல உடனே வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். நிறுத்தினாலும் உடனே தெரியாது, உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். ‘நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கனடா நாட்டு மருத்துவர்கள் 1991-ல் சோதித்துக் காட்டினார்கள். நோய் அடங்கி, இந்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்த 47 பேரைப் பிரித்தார்கள். 25 பேருக்கு அதே மாத்திரை. 22 பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஆறு மாதத்துக்குள் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 9 பேருக்கு நோய் மறுபடி கிளம்பியது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 16 பேருக்குக் கிளம்பியது. நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டரை மடங்கு.

2020-ல் கொரோனாவுக்கு இது மருந்தாகலாம் என்ற பேச்சு கிளம்பியதும் கடைகளில் மாத்திரை கிடைக்காமல்போனது பலருக்கு நினைவிருக்கும். கொரோனாவுக்கு அது பலிக்கவில்லை. அந்த மாதங்களில் உண்மையாகவே அது தேவைப்பட்ட லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள். அதன் பிறகு, எப்போதும் ஒரு மாதத்துக்கான மாத்திரையைக் கூடுதலாக வீட்டில் வைத்துக்கொள்வதைச் சிலர் வழக்கமாக்கிக்கொண்டார்கள். நல்ல வழக்கம்தான்.

‘கண் போய்விடும்’ என்ற பயம் இந்த மாத்திரையோடு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயம் முழுக்கப் பொய்யல்ல. நீண்ட காலம் எடுத்தால் விழித்திரை பாதிக்கப்படலாம். ஆனால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்குள், அதாவது 50 கிலோ இருப்பவருக்கு 250 மில்லிகிராமுக்குள் எடுத்தால், முதல் பத்தாண்டுகளில் அந்த ஆபத்து நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. 20 ஆண்டுகளைத் தாண்டினால் அது கூடுகிறது. அதனால் மாத்திரை தொடங்கும் ஆண்டில் ஒருமுறை கண் பரிசோதனை, ஐந்தாண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதனை அவசியம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் இதை முன்கூட்டியே தொடங்க வேண்டும். பார்வையில் மாற்றம் தெரியும் முன்பே ஸ்கேனில் மாற்றம் தெரிந்துவிடும்.

ஸ்டீராய்டு: எவ்வளவு நாள், எவ்வளவு?

நோய் சீறி எழும்போது அதை உடனே அடக்குவது ஸ்டீராய்டு. இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும், மூட்டு அசையும், பசி எடுக்கும். உயிரைக் காப்பாற்றும் மருந்து என்பதில் சந்தேகமில்லை. தீயணைப்பு வண்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தீப்பிடித்த அன்று அது வேண்டும். ஆண்டுக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தால் வீடு ஊறி இடிந்துவிடும்.

அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் முகம் உப்பும், எடை ஏறும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வரும், எலும்பு தேயும், கண்ணில் புரை வளரும், இடுப்பு மூட்டுக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது கெட்டுப்போகலாம், கிருமித்தொற்று எளிதில் வரும். லூபஸோடு நீண்ட காலம் வாழ்பவர்களின் உறுப்புகளில் சேரும் சேதத்தில் பெரும்பங்கு நோயால் வந்ததா, ஸ்டீராய்டால் வந்ததா என்று பிரிக்க முடியாத அளவுக்கு இரண்டும் கலந்திருக்கின்றன. அதனால் இன்றைய இலக்கு தெளிவானது. நோய் அடங்கியதும் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து, நாளுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே கொண்டுவர வேண்டும். முடிந்தால் நிறுத்த வேண்டும். அப்படிக் குறைக்க முடியவில்லை என்றால், அசதியோப்ரின், மைக்கோஃபினோலேட், மீத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைச் சேர்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இதை மருத்துவர்தான் குறைக்க வேண்டும். முகம் உப்புகிறது என்று சொல்லித் தானாக ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். பல மாதங்கள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்ததால், உடலின் சொந்தச் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். அது விழித்துக்கொள்ள அவகாசம் வேண்டும்.

வலிக்காமல் கெடும் சிறுநீரகம்

லூபஸ் நோயாளிகளில் ஏறக்குறைய 40 சதவிகிதம் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் நோயின் முதல் சில ஆண்டுகளிலேயே. இதில் வலி இருக்காது, எரிச்சல் இருக்காது. நுரை, கால் வீக்கம், ரத்த அழுத்தம் எல்லாம் கொஞ்சம் தாமதமாக வருபவை. அவற்றுக்கு முன்பே காட்டிக்கொடுப்பது சாதாரண சிறுநீர்ப் பரிசோதனைதான். நன்றாக இருக்கும்போதும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதைச் செய்வது, வேறு எந்த விலையுயர்ந்த பரிசோதனையையும்விட அதிகம் காப்பாற்றும்.

புரதம் ஒரு நாளைக்கு அரை கிராமைத் தாண்டினால் சிறுநீரக பயாப்ஸி செய்யச் சொல்வார்கள். ஊசியால் துளி திசு எடுத்து, எந்த வகைப் பாதிப்பு, எவ்வளவு தீவிரம் என்று பார்ப்பது இது. பயந்து தள்ளிப்போடுபவர்கள் பலர். எந்த மருந்து என்பதை முடிவு செய்வதே அந்த முடிவுதான் என்பதால், தள்ளிப்போடுவது சிறுநீரகத்துக்குத்தான் நஷ்டம்.

மைக்கோஃபினோலேட் மாத்திரை, சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஊசி ஆகிய இரண்டும் இங்கே முக்கியமானவை. முன்பு சைக்ளோஃபாஸ்ஃபமைடை அதிக அளவில் மாதக்கணக்கில் கொடுத்ததால், இளம் பெண்களுக்குக் கருமுட்டைகள் அழிந்து மாதவிடாய் நின்றுவிடும் அபாயம் இருந்தது. ஐரோப்பிய மருத்துவர்கள் வகுத்த குறைந்த அளவு முறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஆறு ஊசிகள்தான். அந்த அபாயம் இதில் வெகுவாகக் குறைகிறது. நோய் அடங்கிய பிறகும் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது சிகிச்சை தொடர வேண்டும்.

தீவிர சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களில் 10 முதல் 30 சதவிகிதம் பேருக்கு, காலப்போக்கில் சிறுநீரகம் செயலிழக்கும் நிலை வரலாம். அங்கேயும் கதவு மூடிவிடுவதில்லை. டயாலிசிஸ் உண்டு, மாற்றுச் சிறுநீரகம் உண்டு. லூபஸ் அந்தப் புதிய சிறுநீரகத்தையும் கெடுத்துவிடுவது அரிது.

புதிதாக வந்தவை

2011-ல் பெலிமுமாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு லூபஸுக்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. தவறான ஆன்டிபாடிகளை உருவாக்கும் பி செல்களுக்குப் போகும் தூண்டுதலை அது தடுக்கிறது. 2021-ல் அனிஃப்ரோலுமாப் ஊசியும், சிறுநீரகப் பாதிப்புக்கான வோக்ளோஸ்போரின் மருந்தும் வந்தன. ஸ்டீராய்டைக் குறைக்க இவை உதவுகின்றன. விலைதான் பலருக்குத் தடை. பழைய மருந்துகளை ஒழுங்காக எடுத்தாலே பெரும்பாலானவர்களுக்கு நோய் அடங்கிவிடும் என்பது ஆறுதல்.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலிருந்து வந்த செய்தி இன்னும் பெரியது. நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, மரபணு மாற்றம் செய்து மீண்டும் உடலுக்குள் செலுத்தி, பி செல்களை மொத்தமாக அழிக்கும் கார்-டி சிகிச்சை அது. ரத்தப் புற்றுநோய்க்கு வந்த அந்தச் சிகிச்சையை 2021-ல், எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸ் உள்ள 20 வயதுப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். 2024-ல் வெளியான அறிக்கைப்படி, சிகிச்சை பெற்ற 8 லூபஸ் நோயாளிகளும் மற்ற மருந்துகளை நிறுத்திவிட்டு நோய் அடங்கிய நிலையில் இருந்தார்கள். எண்ணிக்கை சிறியது, இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ‘இதோ வந்துவிடும்’ என்று காத்திருந்து, கையில் இருக்கும் மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

பத்தாண்டுகளுக்குப் பிறகு வரும் ஆபத்து

1976-ல் கனடாவின் டொரான்டோ மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். லூபஸில் ஆரம்ப ஆண்டுகளில் மரணத்துக்குக் காரணம் நோயின் சீற்றமும் கிருமித்தொற்றும். பல ஆண்டுகள் கழித்து வரும் மரணங்களுக்குக் காரணம் மாரடைப்பு. 1997-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், 35 முதல் 44 வயதுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட 50 மடங்குக்கும் அதிகம் என்று தெரிந்தது. அந்த வயதில் மற்ற பெண்களுக்கு மாரடைப்பு மிக அரிது என்பதால் மடங்கு பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல.

அதனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் 50 வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது, 25 வயதிலேயே பார்க்க வேண்டும். உப்பைக் குறைப்பது, தினமும் நடப்பது, புகையிலையைத் தொடாமலிருப்பது எல்லாம் சிகிச்சையின் பகுதிதான். நடுத்தர வயதுப் பெண்ணுக்கு நெஞ்சில் அழுத்தம் வந்தால், ‘கேஸ் டிரபிள்’ என்று சோடா குடிக்காமல் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

கிருமித்தொற்று எந்த வயதிலும் பின்தொடரும். எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்துகள் எடுப்பதால் காசநோய் உட்படப் பலவும் தலைதூக்கலாம். காய்ச்சல் வந்தால் ‘லூபஸ்தான் கிளம்பிவிட்டது’ என்று தாமாகவே ஸ்டீராய்டைக் கூட்டிக்கொள்வது தவறு. முதலில் தொற்றா என்று பார்க்க வேண்டும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை மட்டும் இந்த மருந்துகளோடு தவிர்க்க வேண்டும்.

கல்யாணம், குழந்தை

லூபஸ் என்று தெரிந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பதில்: முடியும், திட்டமிட்டால்.

நோய் குறைந்தது ஆறு மாதங்கள் அடங்கியிருந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோய் அடங்கிய அல்லது லேசாக இருந்த நிலையில் கருத்தரித்தவர்களில் 81 சதவிகிதம் பேருக்குப் பெரிய சிக்கல் எதுவும் இல்லாமல் பிரசவம் நடந்தது. நோய் தீவிரமாக இருக்கும்போது கருத்தரித்தால்தான் கருச்சிதைவு, குறைப்பிரசவம், தாயின் சிறுநீரகச் சேதம் எல்லாம் கூடுகின்றன.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் தொடரலாம், தொடர வேண்டும். ‘வயிற்றில் குழந்தை இருக்கும்போது மாத்திரையா?’ என்று பாட்டி நிறுத்தச் சொன்னால், விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். அசதியோப்ரினும் பாதுகாப்பானது. மைக்கோஃபினோலேட், மீத்தோட்ரெக்சேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு மூன்றும் கருவுக்கு ஆகாதவை. இவற்றை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். ‘நாள் தள்ளிப்போன பிறகு சொல்லிக்கொள்ளலாம்’ என்று இருக்கக் கூடாது.

ரத்தம் உறையச் செய்யும் ஆன்டிஃபாஸ்ஃபோலிபிட் ஆன்டிபாடிகள் இருக்கின்றனவா என்று முன்பே பார்ப்பது அவசியம். அடுத்தடுத்துக் கரு கலைந்த பெண்களில் சிலருக்கு இதுதான் காரணம். ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்து அவர்களைத் தாயாக்க முடிகிறது. ஆன்டி-ரோ ஆன்டிபாடி உள்ள தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு இதயத் துடிப்பில் தடை வரலாம் என்பதால், கருவின் இதயத்தை ஸ்கேனில் கவனிப்பார்கள்.

திருமணத்துக்கு முன் நோயை மறைப்பதால் வரும் சிக்கல் மருத்துவச் சிக்கலும்கூட. மறைத்துவிட்டால் புகுந்த வீட்டில் மாத்திரையை எங்கே வைப்பது? யாருக்கும் தெரியாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபுக்கு எப்படிப் போவது? மாத்திரை நிற்பது அங்கேதான். நோய் திரும்பி வருவது புதுமணப்பெண்ணாக இருக்கும் அந்த மாதங்களில்தான். சொல்லிவிட்டு நடக்கும் கல்யாணம் கொஞ்சம் தாமதமாகலாம். ஆனால் மருந்து நிற்காது.

வெயிலும் வீட்டு வைத்தியமும்

புற ஊதாக் கதிர்கள் நோயைத் தூண்டும். காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலைத் தவிர்ப்பது, குடை, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் எல்லாம் அழகுக்காக அல்ல. வெயிலைத் தவிர்ப்பதால் வைட்டமின் டி குறையும், அதைப் பரிசோதித்து மாத்திரையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ கஷாயம், பவுடர், மாத்திரை என்று அக்கறையோடு வாங்கிவருபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். லூபஸில் எதிர்ப்பு மண்டலம் குறைவாக வேலை செய்யவில்லை, தவறான இலக்கை நோக்கி அதிகமாக வேலை செய்கிறது. அதைத் தூண்டுவது எரியும் அடுப்பில் இன்னொரு விறகை வைப்பது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சல்ஃபா வகை ஆன்டிபயாட்டிக் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் லூபஸ் இருப்பதை முதலில் சொல்ல வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் கேட்கும் கேள்விகள்

*இது ஒட்டிக்கொள்ளுமா?*
ஒட்டாது. தொடுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, தாம்பத்தியத்தாலோ பரவாது.

*பிள்ளைகளுக்கும் வருமா?*
குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடும், அவ்வளவுதான். லூபஸ் தாய்மார்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை.

*ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. ஆனாலும் எப்போதும் அசதி என்கிறாளே, சோம்பலா?*
இல்லை. நோய் அடங்கிய பிறகும் அசதி தொடர்வது லூபஸில் சகஜம். ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகும் உடற்பயிற்சி உதவும். ‘பார்த்தால் நல்லாத்தானே இருக்கே’ என்ற வார்த்தை உதவாது.

*எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும்?*
ருமட்டாலஜிஸ்ட். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் இதற்கான தனித்துறைகள் உண்டு. நோயின் திசையை அங்கே ஒருமுறை தீர்மானித்துக்கொண்டு, இடைப்பட்ட பரிசோதனைகளை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம்.

*மருந்தே இல்லாமல் இருக்கும் காலம் வருமா?*
சிலருக்குப் பல ஆண்டுகள் நோய் அடங்கியிருந்தால், மருத்துவர் ஒவ்வொரு மருந்தாகக் குறைப்பார். முதலில் ஸ்டீராய்டு, பிறகு எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்தான் கடைசி வரை நிற்கும்.

கையில் இருக்க வேண்டியவை

மே 10 உலக லூபஸ் தினம். அன்று மட்டுமல்லாமல் ஆண்டு முழுக்க லூபஸ் உள்ளவரின் செல்போனில் நான்கு விஷயங்கள் இருந்தால் போதும்: எடுக்கும் மருந்துகளின் பெயரும் அளவும், கடைசி சிறுநீர்ப் பரிசோதனையின் தேதி, அடுத்த கண் பரிசோதனையின் தேதி, மருத்துவரின் எண். வீட்டில் இன்னொருவரின் போனிலும் அதே நான்கும் இருக்கட்டும்.

‘நல்லாத்தானே இருக்கா, இன்னும் எதுக்கு மாத்திரை?’ என்று அடுத்த முறை யாராவது கேட்டால் பதில் எளிது: மாத்திரை எடுப்பதால்தான் நன்றாக இருக்கிறாள்.